ஆயிரத்தெட்டு

காலை எட்டே காலுக்கு
நுரையீரல் பரிசோதனை அறையைத் திறந்ததும்
முதல் வேலை,
மூன்று லிட்டர் பம்ப்பை இயந்திரத்தில் செருகி
இழுத்துத் தள்ளுவது.
மனிதர்கள் ஊதும் முன்
பொய் சொல்லத் தெரியாத ஒன்று
அதற்குள் ஊத வேண்டும்.
அடுத்து, சுவரில் தொங்கும் அழுத்தமானியைப் பார்த்து
பதிவேட்டில் எண் எழுதுவது.
சென்னைக்குப் பெரும்பாலும் ஆயிரத்தெட்டு.
‘அழுத்தமா, உன் கவலையா?’ என்பாள் எஸ்தர்.

அந்த ஆயிரத்தெட்டு
கட்டைவிரல் நகத்தின் மேல்
ஒரு கிலோ தக்காளியை வைத்த மாதிரி.
நெற்றியில், முதுகில், இமையில்கூட
நகம் நகமாகத் தக்காளி.
ஆனாலும் நசுங்காமல்
29சி படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வருகிறோம்.
உள்ளிருந்தும் அதே தக்காளி
அதே கனத்தில் முட்டுகிறது.

ஏகாம்பரம், ஐம்பத்தாறு வயது.
அம்பத்தூரில் இருபத்தேழு வருடம்
பீரோவுக்குப் பெயின்ட் அடித்தவர்.
மூக்கில் கிளிப் மாட்டினால்
‘கொடியில காயுற சட்டை மாதிரி இருக்கேனா?’ என்பார்.

இழுங்க இழுங்க இழுங்க,
இப்ப ஊதுங்க, விடாதீங்க விடாதீங்க!
பதினோரு வருடமாக இதே கத்தல்.
கஞ்சி வடிக்கும்போதுகூட வாய்க்குள் ஓடும்.

பொய் அது.
மூச்சை யாரும் இழுப்பதில்லை.
விலா விரியும், உதரவிதானம் இறங்கும்,
உள்ளே கொஞ்சம் இடம் பிறக்கும்,
ஆயிரத்தெட்டு ஆயிரத்தேழு ஆகும்.
அவ்வளவுதான்,
வெளியே நிற்கும் காற்று
தானாக உள்ளே வரும்.
தமிழுக்கு இது தெரிந்திருக்கிறது.
மூச்சு வாங்குது என்கிறது.
கடற்கரைக்குப் போவதும் காற்று வாங்கத்தான்,
பிடுங்க அல்ல.
இழுக்கப் பார்ப்பவருக்கோ
நோயின் பெயரே இழுப்பு.

ஏகாம்பரத்துக்கு வாங்குவதில் சிக்கலில்லை.
வாங்கியதை விட முடியவில்லை.
குழாய்கள் சுருங்கி
பழைய காற்று மார்பிலேயே குடியிருக்க
புதுசுக்கு இடமில்லை.
சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.
‘கடன் மாதிரின்னு சொல்லும்மா.’
‘கடனைத் திருப்பிடலாமேண்ணே.’
‘யாரு சொன்னா?’

டிசம்பரில் வங்கக்கடல்
ஓரிடத்தில் மார்பை விரித்தது.
அழுத்தமானியில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்கு.
ஊர்க்காற்றெல்லாம் அங்கே ஓடியது.
பெரம்பூரில், கொக்கி போடாத என் மாடிக் கதவு
ஆளில்லாமலே மூன்று முறை அறைந்து சாத்திக்கொண்டது.
குக்கர்கூட அன்றைக்குச் சீக்கிரம் விசிலடித்தது.
(எஸ்தர் இதை நம்பவில்லை.)
விடுமுறை அறிவித்திருந்தார்கள்.
லுங்கியை மடித்துக் கட்டி
ரிப்போர்ட்டைப் பால் கவரில் சுற்றிக்கொண்டு
அவர் ஒருவர் மட்டும் வந்திருந்தார்.
‘இன்னிக்குத்தானே தேதி போட்டே?’

எனக்குக் கத்த வரவில்லை.
‘அண்ணே, இழுக்க வேணாம்.
முதல்ல இருக்கிறதை விடுங்க.
உதட்டைக் குவிச்சு, டீயை ஊதி ஆத்துற மாதிரி.
போகட்டும். இன்னும் கொஞ்சம் போகட்டும்.
வர்றது தானா வரும்.’

ஜன்னல் கண்ணாடி
உள்ளும் வெளியுமாகத் துடித்துக்கொண்டிருந்தது.
கண்ணை மூடிக்கொண்டு அவர் விட்டார்.
பிறகு இயந்திரத்தில் ஊதினார்.

போன மாதம் ஒன்று புள்ளி நான்கு ஒன்று.
இன்று ஒன்று புள்ளி நான்கு ஆறு.
ஐம்பது மில்லி.
இயந்திரத்தின் பிழைக்குள் அடங்கிவிடும்,
அரை டீ.
பதிவேட்டில் எழுதினேன்,
கொஞ்சம் அழுத்தியே.

‘இந்தக் காத்து எப்பம்மா நிக்கும்?’
‘அங்க காலியா இருக்கிற வரைக்கும் அடிக்கும்ணே.’

மூலையில் கவிழ்த்து வைத்த தண்ணீர்க் கேனில்
அவருக்கு ஒரு டம்ளர் பிடிக்கப் போனேன்.
குழாயைத் திருகினால் சொட்டு சொட்டாக வந்து
நின்றுவிட்டது.
பிறகு அடியிலிருந்து ஒரு பெரிய குமிழி
தள்ளாடி மேலேறிப் போய்
உடைந்தது, குளுக் என்று.

தண்ணீர் வந்தது.